கவுளிக்கு ஒரு கேள்வி

திருச்செங்கோட்டு மலைமேல் நின்று மேற்கே பார்த்தால் பனைமரங்களுக்கு நடுவில் புளியங்காட்டுப்பாளையம் தெரியும். தெரியாவிட்டாலும் பாதகமில்லை, அதைப் பார்ப்பதற்கென்று யாரும் மலை ஏறியதில்லை. அந்த ஊரில் செங்கோடன் என்று ஒருவர் இருந்தார். கடலை போட்டார், கம்பு போட்டார், மாடு கட்டிக் கவலை ஏற்றம் ஓட்டித் தண்ணீர் இறைத்தார். ஊரில் எல்லாரும் செய்ததையெல்லாம் அவரும் செய்தார். யாரும் செய்யாத காரியம் ஒன்றே ஒன்று செய்தார்: பி.ஏ. வகுப்பில் போய்த் தத்துவம் படித்துவிட்டு வந்தார். படித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று கேட்பவர்களுக்கு அவர் வீட்டுக் களத்தை வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் காட்டினால் போதும்.

அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிணறு வெட்டுவதானாலும், காளை மாற்றுவதானாலும், பெண் கொடுப்பதானாலும் குலதெய்வக் கோயிலுக்குப் போய் உத்தரவு கேட்பார்கள். உத்தரவு தருவது பூசாரி இல்லை. சாமியும் நேரடியாகத் தருவதில்லை. சுவரில் இருக்கிற பல்லிதான் தரும். பல்லி என்பது மரியாதைக் குறைவு. கவுளி என்க வேண்டும். மனதில் உள்ள கேள்வியை வாய்விட்டுச் சொல்லிவிட்டு விளக்குக்கு எதிரே உட்கார வேண்டும். வலப்பக்கம் கவுளி சொன்னால் 'ஆமாம், ஆகட்டும்' என்று பொருள். இடப்பக்கம் சொன்னாலோ, வாயே திறக்காமல் இருந்துவிட்டாலோ உத்தரவு இல்லை. அதற்குமேல் அப்பீல் கிடையாது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்படிக் கோயிலுக்குப் போகிறவர்கள், போகிற வழியில் செங்கோடன் களத்தில் சற்று நின்றுவிட்டுப் போவார்கள். "கேள்விய ஒருக்காச் சரி பாத்துக் குடுத்துருங்க" என்பார்கள். பட்டணத்தில் பத்திரம் எழுத ஆள் இருப்பதுபோல இந்த ஊரில் கவுளிக்குக் கேள்வி திருத்த ஆள் இருந்தது. கவுளியை ஒரு நாளும் நம்பாத ஒருவருக்கு இந்த உத்தியோகம் எப்படி வந்தது என்பதுதான் கதை.

முப்பத்தாறாம் வருஷம். அப்போது அவருக்கு மீசை சரியாக அரும்பவில்லை, ஆகையால் 'அவன்' என்றே சொல்லலாம். செங்கோடன் சேலத்தில் இண்டர்மீடியட் முடித்திருந்தான். அவனைச் சேலத்துக்கு அனுப்பியது அவனைப் பெற்ற ஐயன் குழந்தைவேல் கவுண்டர். அனுப்பிய காரணம் படிப்பின் மேல் உள்ள ஆசை அல்ல, ஒரு கிணறு. பங்காளியோடு பங்குக் கிணறு. யார் முறையில் யார் தண்ணீர் இறைத்தார்கள் என்று வழக்கு. நாமக்கல் கோர்ட்டில் எதிர்ப்பக்கத்து வக்கீல் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார், ஜட்ஜ் சிரித்தார், குழந்தைவேல் கவுண்டர் தோற்றுப் போனார். என்ன சொல்லித் தோற்கடித்தார்கள் என்பதுகூடத் தெரியாமல் தோற்றதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த ராத்திரியே முடிவு கட்டிவிட்டார், நம் வீட்டிலும் ஒரு கறுப்புக் கோட்டு தொங்க வேண்டும் என்று. பொன்காளியம்மன் கோயிலுக்குப் போய், பையனைப் படிக்க வைக்கலாமா என்று கேட்டார். கவுளி வலப்பக்கம் சொன்னது. என்ன படிக்க வைப்பது என்று அவர் கேட்கவில்லை, கவுளியும் தானாகச் சொல்லவில்லை. பின்னால் வந்த வில்லங்கமெல்லாம் அந்த இடைவெளியில் நுழைந்ததுதான்.

சேலம் காலேஜில் சரித்திர பெஞ்சில் இடமில்லாமல் போனதால் செங்கோடனை லாஜிக் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். எல்லா மனிதரும் மாண்டு போகிறவர்கள், இன்னார் மனிதர், ஆகவே இன்னாரும் மாண்டு போவார் என்று பாடம். மற்றப் பையன்கள் இதைக் கேட்டுக் கொட்டாவி விட்டார்கள். செங்கோடனுக்கு மட்டும் கட்டுத்தரையில் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிபோல இருந்தது. எல்லா மாமன்களும் பிடிவாதக்காரர்கள், தண்டாயுதபாணி ஒரு மாமன் என்று நோட்டுப் புத்தகத்து ஓரத்தில் எழுதிப் பார்த்தான். 'ஆகவே' என்று எழுதுவதற்கு முன் பேனாவை மூடிவிட்டான். அந்த மாமனுக்கு ஒரு மகள் இருந்தாள்.

சௌந்திரம் அவள் பேர். அம்மாவின் தம்பி மகள், முறைப்பெண். அவனுக்கு அவள்தான் என்பது அவள் தொட்டிலில் கிடந்த நாளிலேயே இரண்டு வீட்டிலும் பேசி முடித்த விஷயம். இதில் ஆச்சரியம், பேசப்பட்ட இரண்டு பேருக்கும் அது பிடித்தும் இருந்தது. தை மாதம் கல்யாணம், அதற்கு முன் ஆனியில் திருச்சிக் காலேஜில் பி.ஏ. சேர்வது, அப்புறம் வக்கீல் படிப்பு. இப்படி ஐயன் வரப்புக் கட்டி வைத்திருந்தார். செங்கோடன் லீவுக்கு ஊர் வந்த இரண்டாம் நாள் அந்த வரப்பை வெட்டினான். பி.ஏ.வில் சரித்திரக் குரூப்பு அல்ல, தத்துவக் குரூப்பு எடுக்கப்போவதாகச் சொன்னான்.

ஐயன் கோபப்படவில்லை. மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் நிதானமாக விசாரித்தார்.

"அதைப் படிச்சாக் கடசீல என்னவாகறது சாமி?"

"என்னவாகறதுன்னு இல்லீங்கய்யா. ஒருத்தரு ஒண்ணச் சொன்னா அது சரிதானான்னு பாக்கறதுங்க. எப்படித் தெரியும், எதை வெச்சுச் சொல்றேன்னு கேக்கறதுங்க."

"அதுக்கு உங்கம்மா பத்தாதா?"

அடுப்படியிலிருந்த அம்மா வள்ளியாத்தாள், தான் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சமம் என்று கேட்டும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு வேறு வெசனம். தத்துவம், வேதாந்தம் என்ற சொற்கள் அவள் பிறந்த வீட்டில் வாயில் எடுக்கக் கூடாதவை. காரணம் இருந்தது. வள்ளியாத்தாளுக்கும் தண்டாயுதபாணிக்கும் மூத்தவள் சின்னாயி. அவளைக் கட்டிய ராசப்பன் நல்ல உழவுக்காரன்தான். எங்கிருந்தோ வந்து மடத்தில் தங்கிய ஒருவரிடம் வேதாந்தம் கேட்கப் போனான். கேட்டான், கேட்டான், கேட்டுக்கொண்டே ஒரு நாள் காவி கட்டிக்கொண்டு போய்விட்டான். இருக்கிறானா இல்லையா என்று தகவல் இல்லை. சின்னாயி தம்பி வீட்டில் தாலியும் கழுத்துமாக இருந்தாள். நல்ல காரியத்தில் அவளை முன்னால் கூப்பிடுவதா, பின்னால் நிறுத்துவதா என்று ஒவ்வொரு தடவையும் பெண்டுகள் முகத்தை முகம் பார்த்துக்கொள்வார்கள். அதைத் தினம் தினம் பார்த்தவர் தண்டாயுதபாணி. ஆகவே மாப்பிள்ளை தத்துவம் படிக்கப்போகிறான் என்று கேள்விப்பட்டதும் அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார் என்று செங்கோடனுக்குத் தெரியாமலில்லை. பயம் நியாயமான பயம். அதனால்தான் அவனுக்கும் சோறு இறங்கவில்லை.

மாமன் சும்மா இருக்கவில்லை. தன் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க் கவுளியிடம் கேட்டுவிட்டு ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: ஆத்தா உத்தரவு இல்லை. பையன் வேறு குரூப்புக்கு மாறினால் தையில் கல்யாணம். மாறாவிட்டால் சௌந்திரத்துக்கு வேறு இடம் பார்க்கப்படும்.

காலேஜ் திறக்க ஒரு வாரம் இருந்தது. ஐயனும் அம்மாவும் செங்கோடனும் வண்டி கட்டிக்கொண்டு குமாரபாளையம் பக்கத்தில் மாமன் ஊருக்குப் போனார்கள். பாதை நெடுக ஐயன் பேசியது ஒரே பேச்சு: போனதும் குரூப்பை மாத்திக்கறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். சௌந்திரத்தை இழந்து தத்துவம் படிப்பதா, தத்துவத்தை விட்டுச் சௌந்திரத்தைக் கட்டுவதா என்று செங்கோடன் யோசித்தான். எந்தப் பக்கம் போனாலும் குத்துகிற இந்த மாதிரி இடத்துக்கு லாஜிக் புத்தகத்தில் இரண்டு கொம்புள்ள ஒரு பேர் இருந்தது. பேர் தெரிந்ததனால் கொம்பு மழுங்கிவிடவில்லை.

மாமன் வீட்டில் ஒரு முறை உண்டு. ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் இலை எடுக்கும் வரைக்கும் வழக்குப் பேசக் கூடாது. பெண் தரமாட்டேன் என்று சொல்லியனுப்பிய அதே வீட்டில் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றி வைத்திருந்தார்கள். சந்தகை மாப்பிள்ளைக்குச் செய்கிற பலகாரம். வள்ளியாத்தாள் இலையைப் பார்த்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். தண்டாயுதபாணி யாரையும் பார்க்காமல் பந்தி விசாரித்தார்.

கை கழுவப் போன செங்கோடன் கட்டுத்தரைப் பக்கம் ஒதுங்கினான். அங்கே சௌந்திரம் எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாங்க சாமியாரே. திருவோடு கொண்டாந்தீங்களா, இல்ல எங்கூட்டுச் சட்டி ஒண்ணு தரட்டுங்களா?"

"உங்கய்யன் கோயில்ல என்னன்னு கேட்டாரு?"

"நானும்தான் கூடப் போனேன். 'ஆத்தா, எம் மாப்ள இந்தப் படிப்பப் படிச்சு எங்கக்கா புருசன் போன வழியில போயிருவானா'ன்னு கேட்டாரு. வெளக்குல எண்ணெ தீர்ற மட்டும் உக்காந்திருந்தோம். கவுளி மூச்சு உடல. உத்தரவு இல்லைன்னு எந்திரிச்சு வந்துட்டாரு."

செங்கோடன் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தான். காரணம் கேட்டவளுக்குச் சொன்னான். கவுளி சொன்னால் ஆமாம், சொல்லாவிட்டால் இல்லை, இதுதானே வழக்கம்? மாமன் எந்நாளும் 'செய்யலாமா' என்று கேட்டே பழகியவர். கவுளி சும்மா இருந்தால் காரியம் கெட்டது என்று எழுந்து வந்தே பழகியவர். இந்தத் தடவை அவர் கேட்டது 'செய்யலாமா' என்று இல்லை, 'இவன் காவி கட்டுவானா' என்று. அதற்கு ஆமாம் வரவில்லை. அப்படியானால் ஆத்தா சொன்னது, கட்டமாட்டான் என்று. உட்காருகிறபோது கேட்ட கேள்வியை எழுகிறபோது மறந்துவிட்டு, பழக்கத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் மனிதர்.

சௌந்திரம் சோளத்தட்டைக் கீழே போட்டாள். எருமை எட்டி எட்டிப் பார்த்தது.

"அப்ப உள்ள போயி இதச் சொல்லுங்க. தையில கண்ணாலம்."

"அதான் சிக்கல். கவுளி சொல்றதுல ஒண்ணுமில்லைன்னு நெனைக்கறவன் நான்."

"நெனச்சுக்கங்க. யாரு வேண்டாங்கறா? அதையும் வாயில சொல்லோணும்னு சட்டமா?"

அவன் தொட்டித் தண்ணீரைக் கையால் அளைந்தான்.

"எங்கய்யன் கவுளி வாயத் தொறக்கலைன்னு வெசனப்படறாரு. இந்தக் கவுளி வாய மூடாதேன்னு நான் வெசனப்படறேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து எருமைக்குப் போட்டாள்.

வீட்டு முன்கூடமான ஆசாரத்துக்குத் திரும்பி நடந்த தூரம் கொஞ்சம்தான். அதற்குள் செங்கோடன் இரண்டு தரம் முடிவை மாற்றினான். தான் நம்பாத சாட்சியைக் கூண்டில் ஏற்றி ஜெயிக்கலாமா? ஜெயித்துவிட்டுப் பிறகு அதே வாயால் எது உண்மை என்று படிக்கப் போகலாமா? ஒழுக்க நூல் பி.ஏ.வில்தான் வரும், இன்னும் புத்தகம்கூட வாங்கவில்லை. பரீட்சை மட்டும் முன்னாலேயே வந்துவிட்டது.

ஆசாரத்தில் பாய் விரித்திருந்தது. மாமனும் செங்கோடனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்; ஐயன் மாமனுக்குப் பக்கத்தில், எதிர்க்கட்சிக்கே உதவியாக. அம்மா தூணருகில். உள்வீட்டு நிலைக்குப் பின்னால் சின்னாயி இருப்பது சேலை ஓரத்தில் தெரிந்தது. தண்டாயுதபாணி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னதைத் திரும்பச் சொன்னார். பையன்மேல் குறையில்லை, பெண் தருவதில் சந்தோஷம்தான், ஆனால் ஒரு வீட்டில் ஒரு சின்னாயி போதும். குழந்தைவேல் கவுண்டர் அதற்கு முன்னமே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு பேச்சுங்க" என்றான் செங்கோடன். "கோயில்ல நீங்க கேட்டது, இவன் போயிருவானான்னுதானுங்களே?"

"ஆமா சாமி."

"கவுளி சொல்லியிருந்தா, ஆமா போயிருவான்னு அர்த்தமுங்க. அது சொல்லலீங்களே. அப்ப?"

சுண்ணாம்பு விரல் வெற்றிலைமேல் நின்றது. மாமன் முகத்தில் விளக்கும் கவுளியும் கேள்வியும் ஒவ்வொன்றாக வந்து போவது தெரிந்தது. எத்தனை தலைமுறையாக அந்தக் குடும்பம் கவுளி பேசுவதைக் கேட்டிருக்கிறது. தாங்கள் என்ன கேட்டோம் என்பதை ஒருவரும் கேட்டதில்லை. "அட" என்றார் மெதுவாக.

குழந்தைவேல் கவுண்டர் தொடையில் ஓங்கி அடித்தார். பங்காளி, கிணறு, இங்கிலீஷ் பேசிய கறுப்புக் கோட்டு எல்லாருக்கும் விழுந்த அடி அது. பேசாத கவுளியைப் பேசவைத்து வழக்கை ஜெயித்த வக்கீலை அவர் கண்ணால் கண்டுவிட்டார். மச்சான் தோளைத் தட்டி, பாத்தீங்களா, பாத்தீங்களா என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் தாம்பூலம் மாற்றியிருப்பார்கள். நிலைக்குப் பின்னால் சௌந்திரம் வந்து நின்றதும், வாயை மூடு என்று கண்ணாலேயே சொன்னதும் செங்கோடனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொன்னான்.

"ஆனா மாமா, அத வெச்சுப் பொண்ணு குடுத்துராதீங்க."

தூணருகில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வெளக்குக்குப் பூச்சி வருது, பூச்சிக்குக் கவுளி வருது. அன்னிக்குக் காத்தடிச்சிருக்கும், பூச்சி வந்திருக்காது, அதும் வந்திருக்காதுங்க. நான் போவனா இருப்பனான்னு அதுக்கெப்படித் தெரியும்? அது சொல்லியிருந்தாலும் நான் இதையேதான் சொல்லுவேன். எனக்குப் போற நெனப்பு இல்லீங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், அதுக்கு மேல தெரிஞ்ச மாதிரி சொன்னாப் பொய்."

ஐயன் கை தொடையிலிருந்து நழுவியது. தண்டாயுதபாணி வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டார். என்ர ஆத்தா கோயிலப் பூச்சி புழுன்னு சொல்லிட்டு என்ர ஊட்டிலயே பொண்ணும் கேக்கறயா என்று ஆரம்பித்தார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கடைசியாகச் 'சந்தகை சாப்பிட்டாச்சு, வண்டியப் பூட்டிக்கலாம்' என்றார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய வசை கிடையாது.

அப்போது சின்னாயி வெளியே வந்தாள். ஆண்கள் பேசுகிற இடத்துக்கு அவள் வந்து யாரும் பார்த்ததில்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்று தண்டாயுதபாணியைப் பார்த்தாள்.

"தம்பி, எங்கூட்டுக்காரரு போனன்னைக்கு எங்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனாருன்னு தெரியுமா?"

யாருக்கும் தெரியாது. அவளை யாரும் கேட்டதில்லை.

"சந்தைக்குப் போயி மாட்டுக்குக் கவுறு வாங்கியாறேன்னாரு. வெயிலுக்கு முன்ன வந்துருவேன், பழைய சோத்துல தண்ணி ஊத்தி வையின்னாரு. ஊத்தி வெச்சேன்." நிலையைப் பிடித்துக்கொண்டாள். "போறவன் வேதாந்தத்தால போகலை. அதுக்கு முன்னாலயே பொய் சொல்லப் படிச்சுக்கிட்டான், பொறகு போனான். இந்தப் பையனுக்கு அது வரலையே. பொண்ணே போயிரும்னு தெரிஞ்சும் வாயில வரமாட்டேங்குது. இவனா சந்தைக்குப் போறேன்னுட்டுப் போவான்?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். செங்கோடனுக்கு மண்டையில் ஒரு அடி விழுந்தாற்போல் இருந்தது. தான் சொன்ன வாதமெல்லாம் ஒரு பக்கம். அந்த வாதத்தைச் சொன்ன ஆள் எப்படிப்பட்டவன் என்று பார்க்கிற கண் இன்னொரு பக்கம். எந்தக் குரூப்பில் இதைச் சொல்லித் தருவார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. பெரியம்மாவின் வார்த்தையைத் திருச்சியில் இரண்டு வருஷமும் புத்தகங்களில் தேடினான். கிட்டத்தட்ட இருந்தது, அவ்வளவு சுருக்கமாக இல்லை.

அடுத்துப் பேசியவர் குழந்தைவேல் கவுண்டர். அவருக்கும் அன்றைக்கு ஞானம் பிறந்திருந்தது, ஆனால் வேறு தினுசான ஞானம்.

"மச்சான், சின்னாயி சொல்றது மெய்தான். செயிச்ச கேசைக் கொண்டுபோய் எதிராளி கையில குடுக்கறவன் கோர்ட்டுக்கு ஆகமாட்டான். இவனுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டி அனுப்புனேன்னு வெச்சுக்கங்க, மொத நாளே எங் கெணத்தப் பங்காளிக்கு எழுதிக் குடுத்துட்டு, ஞாயம் அவம் பக்கம்னுட்டு வந்து நிப்பான்." பெருமூச்சு விட்டார். "போயி அந்தக் கருமத்தையே படிக்கட்டும். வேற எதுக்கும் லாயக்கில்லை."

இந்தியாவில் தத்துவம் படிக்க ஒரு பையனுக்கு இதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் கிடைத்திருக்காது.

தண்டாயுதபாணிக்கு அக்காள் சொன்னது எங்கோ போய்த் தைத்துவிட்டது. ஆனாலும் ஒரு காரியத்தை உத்தரவில்லாமல் செய்து அவருக்குப் பழக்கமில்லை. கடைசியில் வழிக்கு வருகிற மனிதரின் வீம்போடு சொன்னார்.

"சரி மாப்ள. நான் கேட்டதுதான் தப்பு. நீயே கேள்வியச் சொல்லு. வார வெள்ளிக்கெழம போயிக் கேட்டுட்டு வாரேன்."

செங்கோடன் யோசித்தான். கவுளிக்கு அவன் திருத்திக் கொடுத்த முதல் கேள்வி அது.

"கேக்க வேண்டியது, இவனக் கட்டிக்கச் சம்மதமான்னுங்க மாமா. கேக்க வேண்டிய ஆளு கோயில்ல இல்லீங்க. உங்க கதவுக்குப் பின்னால நிக்குது."

தண்டாயுதபாணி திரும்பிப் பார்த்தார். மகளிடம் அவர் பால் கறந்தாச்சா என்று கேட்டிருக்கிறார், தவிடு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இந்த மாதிரி எதையும் கேட்டதில்லை. கேட்பதற்கு வார்த்தை எப்படி அமைப்பது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. கோயிலில் உட்காருவதுபோலச் சம்மணத்தைச் சரிப்படுத்திக்கொண்டார்.

"ஏஞ் சாமி, உனக்குச் சம்மதமா?"

பதில் இல்லை. செங்கோடன், கட்டுத்தரையில் அவள் சொன்ன சொல்லைக் கேட்காமல் வாயைத் திறந்ததற்கு இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தான்.

நிலைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. நாக்கை மேலண்ணத்தில் வைத்துச் சொடுக்குகிற சத்தம். த்ச், த்ச், த்ச், த்ச். அசல் கவுளி.

முதலில் சிரித்தது வள்ளியாத்தாள். அப்புறம் உள்ளே சின்னாயி. அந்த வீட்டில் அவள் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்க யாருக்கும் அப்போது அவகாசமில்லை. தண்டாயுதபாணி சிரிக்கக் கூடாது என்று மீசையைப் பிடித்துப் பார்த்தார், மீசை கேட்கவில்லை. தட்டில் வைத்த வெற்றிலையை எடுத்து மடித்துப் போட்டுக்கொண்டார்.

ஆனியில் செங்கோடன் சங்கரிதுர்க்கத்தில் ரயில் ஏறித் திருச்சிக்குப் போனான். தையில் கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் சுமங்கலிகளின் வரிசையில் முன்னால் நிற்கச் சின்னாயியைக் கூப்பிட்டவன் மாப்பிள்ளை. கூப்பிடலாமா என்று அவன் யாரையும் கேட்கவில்லை, சுவரையும் கேட்கவில்லை. அவள் இருந்த இடத்தைவிட்டு நகர மறுத்தபோது தானே எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தான். மாலையோடு மாப்பிள்ளை மணையை விட்டு எழுந்தது அபசகுனம் என்றார்கள் சிலர்.

தத்துவத்தில் அவன் மூன்றாம் வகுப்பில் தேறினான். உத்தியோகம் எதுவும் அவனைத் தேடி வரவில்லை, அவனும் தேடி ரொம்ப தூரம் போகவில்லை. கடலைக் காட்டுக்குத் திரும்பினார் செங்கோடன். இனிமேல் 'அவர்' என்று சொல்ல வேண்டும், மீசை வந்துவிட்டது. மாமனார்தான் போகிற இடமெல்லாம் கதையைப் பரப்பினார். எம் மாப்ள ஒரு கேள்வி திருத்திக் குடுத்தாரு, கவுளி கோயில விட்டு எங்கூட்டுக்கே வந்து பதில் சொல்லுச்சு என்பார். அதைக் கேட்டுத்தான் வெள்ளிக்கிழமைக் கூட்டம் சேர்ந்தது.

செங்கோடன் யாரையும் கோயிலுக்குப் போகாதே என்று சொன்னதில்லை. தான் நம்பவில்லை என்பதை மறைத்ததும் இல்லை. கிணறு வெட்டலாமாங்க என்று வருகிறவரை உட்காரவைத்து, எந்த இடத்தில், எதற்காக அந்த இடம், பக்கத்துக் கிணற்றில் எவ்வளவு ஆழத்தில் ஊற்று, கவுளி சொல்லாவிட்டால் நிஜமாகவே வெட்டாமல் இருந்துவிடுவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பாதிப் பேர் கேள்வி சரியானதும் அங்கேயே பதிலையும் கண்டுகொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். மீதிப் பேர் கோயிலுக்குப் போவார்கள். கோயிலில் கூட்டம் குறைகிறதே என்று பூசாரி பொன்னன் வருத்தப்பட்டு நியாயம் கேட்க வந்தார். வந்தவர், தன் மகனைப் பூசைக்கு விடுவதா நெசவுக்கு அனுப்புவதா என்று ஒரு கேள்வியைத் திருத்திக்கொண்டு போனார். பங்காளியும் ஒரு நாள் வந்தார். அவர் கொண்டு வந்த கேள்வி பங்குக் கிணற்றைப் பற்றியது. செங்கோடன் அதை எப்படித் திருத்தினாரோ, அதன்பிறகு இரண்டு வீட்டுக் கவலை ஏற்றமும் முறை தவறாமல் ஓடியது. கறுப்புக் கோட்டால் ஆகாதது வேறு எதனாலோ ஆயிற்று என்று குழந்தைவேல் கவுண்டர் முணுமுணுத்தார்; மகனுக்குக் கேட்காதபடி பார்த்துக்கொண்டார்.

தண்டாயுதபாணிக்கு மட்டும் ஒரு சந்தேகம் வயதாக ஆக வளர்ந்தது. வெகு வருஷம் கழித்து, பேரப்பிள்ளைகள் எல்லாம் ஓடித் திரிகிற காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மற்றவர்களோடு சேர்ந்து களத்தில் வந்து உட்கார்ந்தார். தன் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, அன்னைக்கு ஆசாரத்துல நாம ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்திருந்தோம். நெல எனக்கு எடக் கைப் பக்கம். அப்பச் சத்தம் வந்தது எடப்பக்கமல்ல? உத்தரவு இல்லைன்னு ஆயிருமே. இத்தனை வருசமா எம் மனசுல அறுத்துக்கிட்டிருக்குது."

வீட்டுத் தாழ்வாரத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்த சௌந்திரத்தின் முறம் நின்றது. செங்கோடன் அந்தப் பக்கம் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், கேள்வியை எல்லாக் கேள்வியையும்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு எடம்தானுங்க மாமா" என்றார். "எனக்கு வலம். கட்டிக்கிட்டது நானுங்களே."